ஒன்றேகால் அங்குலம்

அன்று காலை ஏழேகால் மணிக்குப் படியில் தடுக்கியபோது அளவு அக்கா முதலில் திட்டியது தன்னுடைய காலைத்தான்.

"கட்டைக் காலே, ஒரு படி ஒழுங்கா ஏறத் தெரியாதா உனக்கு?"

அவளுக்கு இது புதிதல்ல. நாலடி ஒன்பது அங்குலத்தில் நாற்பத்திரண்டு வருடம் வாழ்ந்தவளுக்கு எது இடித்தாலும், எது எட்டாவிட்டாலும், குற்றம் தன் உடம்பின் மேல்தான் என்பது பழகிப்போயிருந்தது. இந்த உலகத்தை யாரோ ஓர் ஆளை நிற்கவைத்து அளவெடுத்துத்தான் தைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு நெடுநாள் சந்தேகம். அந்த ஆள் ஐந்தடி ஏழு அங்குலம் இருப்பான். அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் பஸ்ஸில் கைப்பிடி தொங்குகிறது. அவன் முகம் தெரிகிற உயரத்தில்தான் ஆபீஸ் கழிவறையில் கண்ணாடி மாட்டியிருக்கிறது. அதில் அளவு அக்காவுக்குத் தெரிவது வகிடு மட்டும். அவன் உட்காருகிற நாற்காலியில் அவள் உட்கார்ந்தால் கால் இரண்டும் அந்தரத்தில் ஆடும். அந்த மகானுபாவனை அவள் இதுவரை நேரில் சந்தித்ததில்லை. சந்தித்தால் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று வைத்திருந்தாள்.

அவன் தன் வீட்டுக்காரர் இல்லை என்பது மட்டும் நிச்சயம். அவர் ஆறடி ஓர் அங்குலம். பஸ் படியில் ஏறும்போதெல்லாம் தலையை இடித்துக்கொள்கிறவர். தெருவில் இருவரும் சேர்ந்து போனால் "ஒண்ணும் அரையும் போகுது பாரு" என்பார்கள். வீட்டில் சமையலறை மேடையை அவள் தன் இடுப்புக்குச் சரியாகக் கட்டிக்கொண்டாள். அதில் காய் நறுக்க வேண்டுமென்றால் அவர் முக்காலி போட்டு உட்கார வேண்டும். "என் வீட்ல நான்தான் அளவு" என்பாள். கட்டட வேலையில் மேற்பார்வைக்கு வந்த நாளிலிருந்து இடுப்பில் டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அளவு அக்கா என்ற பெயர் அப்படி வந்து ஒட்டியதுதான்.

அது ஒரு கண் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம். கீழே வரவேற்பறை, மேலே ஆபரேஷன் அறைகள், நடுவில் நேராக ஏறும் இருபது படி. அன்றுதான் முதல் நாள். எட்டரைக்கு முதல் ஆபரேஷன். அதற்குள் விளக்கு எரிகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கடைசியாக ஒரு சுற்றுப் பார்க்க வந்தவள்தான் மேல் படியில் கால் தட்டி விழப் பார்த்தாள்.

மேலே எல்லாம் சரியாக இருந்தது. திரும்பினாள். கீழே இறங்க முதல் படியில் கால் வைத்தவளுக்கு, வைத்த இடத்தில் படி இல்லை.

இருந்தது. ஆனால் கால் எதிர்பார்த்த இடத்தில் இல்லை, கொஞ்சம் கீழே இருந்தது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதால் தப்பினாள். இல்லாவிட்டால் இருபது படியும் உருண்டு வரவேற்பறை மேஜையில் போய்த்தான் நின்றிருப்பாள்.

ஏறும்போதும் அதே இடம், இறங்கும்போதும் அதே இடம். முன்பும் ஏறும்போது இரண்டொரு தடவை இங்கே தட்டியதுண்டு, அப்போதெல்லாம் காலைத்தான் திட்டினாள். இந்தத் தடவை அவள் காலைத் திட்டவில்லை. படியிலேயே உட்கார்ந்து டேப்பை எடுத்தாள்.

கீழிருந்து ஒவ்வொன்றாக அளந்தாள். ஆறு அங்குலம். ஆறு. ஆறு. நூல் பிடித்தாற்போல் பத்தொன்பது படியும் ஆறு அங்குலம். அவள்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால் அளந்து கையெழுத்துப் போட்டவள். இருபதாவது படி ஏழேகால்.

டேப்பை மடக்கிவிட்டு மறுபடி நீட்டி அளந்தாள். ஏழேகால்தான்.

எப்படி என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. ஆபரேஷன் அறைக்குள் தரை கொஞ்சம் உயரம். அடியில் குழாய் போகிறது. கதவு வாசலில் ஒரு மேடு நின்றது. தள்ளுவண்டியில் படுத்து வருகிறவர்களுக்கு அந்த மேட்டில் தூக்கிப் போடும், கண் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் குலுக்கல் ஆகாது என்று டாக்டர் சொன்னார். அன்று சாப்பிடும்போது அளவு அக்கா தன் வீட்டுக்காரரிடம், "காரிடாரக் கொஞ்சம் ஏத்திப் போட்டுடுங்களேன், வண்டி எண்ணெய் மாதிரி போவும்" என்றாள். அங்கே டைல்ஸ் வேலை அவருடையது. அவரும் கலவையைக் கெட்டியாகப் போட்டு, காரிடார் முழுக்க ஏற்றி, படிக்கட்டின் விளிம்பு வரை அழகாகக் கொண்டுவந்து முடித்தார். வண்டி உண்மையாகவே எண்ணெய் மாதிரிதான் போனது. டாக்டர் கைகொடுத்துப் பாராட்டினார். சக்கரத்துக்கு இவ்வளவு பார்த்த இரண்டு பேரும் காலை மறந்துவிட்டார்கள்.

காலின் சமாசாரம் அவளுக்குத் தெரியும். மூன்று படி ஏறினால் போதும், கால் அளவைப் பாடம் செய்துகொண்டுவிடும். அப்புறம் கண்ணைக் கேட்காது. படி எல்லாம் மோசமாக இருந்தால் மனிதன் பார்த்துப் போவான். எல்லாம் ஒழுங்காக இருந்து ஒன்று மட்டும் தப்பினால்தான் விழுவான். இங்கே இறங்கப் போகிறவர்கள் ஒரு கண்ணில் கட்டுப் போட்டவர்கள். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியாது. அதுவும் விழுந்தால் முதல் படியில் விழுவார்கள், கீழே பத்தொன்பது படி காத்திருக்கிறது.

வேறு வழியும் கிடையாது. லிஃப்ட் சோதனைக்காரர் வந்து பார்க்கும்வரை ஓடக்கூடாதென்று காகிதம் ஒட்டிக்கொண்டு நின்றது. பின்பக்க இரும்புப் படிக்கட்டு கைப்பிடி வைக்காமல் பூட்டிக் கிடந்தது.

டைல்ஸ்காரர் கீழே கழிவறைப் பக்கம் குந்தியிருந்து, கடைசி இடுக்குகளில் வெள்ளை சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார். அவள் போய் நின்றாள். அவர் குந்தியிருந்தால்தான் இருவர் முகமும் நேருக்கு நேர் வரும்.

"ஒரு நிமிஷம் மேல வாங்க."

"இங்கயே சொல்லேன். கை வேலையா இருக்கேன்ல."

"வந்து பாருங்கன்னா வரணும்."

"மேல எதுக்கு இப்ப? சொல்லு."

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் சுண்டியது. கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"நீ சொல்லித்தானே ஏத்துனேன்?"

"நான்தான் சொன்னேன். இல்லன்னு சொல்லல. இப்ப இன்ஜினியர்கிட்ட போய்ச் சொல்லி, படிய மூடச் சொல்லணும்."

"சொன்னா என்ன ஆவும்னு தெரியுமில்ல?"

அவளுக்குத் தெரியாதா? பதினான்கு மாதம் அவர் வீட்டில் இருந்தார். வலது முட்டி வீங்கி, கட்டில் காலில் துண்டைக் கட்டி அதைப் பிடித்து எழுந்த நாட்கள் அவை. இரவும் பகலும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சுவரில் பூச்சு எங்கே கோணல் என்று அவளிடம் காட்டுவார். முட்டி தேறியதும் இன்ஜினியரிடம் அவள்தான் கேட்டாள். இன்ஜினியருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, நேரில் சார் என்றாலும் நமக்குள் அவன் என்றே சொல்லிக்கொள்ளலாம். "உங்களுக்காக எடுக்கறேன் அக்கா" என்றான் அவன். "ஆனா வேலைல ஒரு தப்பு வந்தாலும் சரி, முட்டின்னு ஒரு நாள் உக்காந்தாலும் சரி, அன்னியோட முடிஞ்சுது." அதைக் கணவரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முதல் நாள் வேலைக்குப் போய் வந்த ராத்திரி அவர் குறட்டை விட்டதில் அவளுக்குத் தூக்கமே இல்லை. அந்தக் குறட்டையைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட பெண்பிள்ளை உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரி லீவு" என்றார் அவர். "நானே வந்து கடைசி மூணு வரிசைய ஒடச்சு, சரிவா எறக்கிப் போட்டுடறேன். ஒருத்தருக்கும் தெரியாது. நாலு நாளு. நாலே நாளு விட்டுக்குடு."

"நாலு நாள்ல யாராவது விழுந்தா?"

"ஒன்னேகால் அங்குலம்டி. யாரு விழப் போறாங்க? கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாதுங்க, அதான் பயமே."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. ஆறடி மனிதர் கெஞ்சுவதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"சரி" என்று சொல்லிவிட்டாள்.

சொல்லிவிட்டு நேராக மேலே போய் அந்தப் படியின் பக்கத்தில் நின்றுகொண்டாள். இறங்குகிற ஒவ்வொருவரையும் கைப்பிடித்து இறக்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். நாலு நாளும் நிற்பேன், கால் கடுத்தால் கடுக்கட்டும், சம்பளம் வாங்குகிற வேலை என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஒரு வைராக்கியம். மனிதர்கள் பொய்யைக் காப்பாற்ற எவ்வளவு உழைக்கிறார்கள் பாருங்கள். அதில் பாதி உழைப்பு போதும், உண்மையைச் சொல்ல.

எட்டு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஏறும்போது இரண்டு கண்ணும் இருக்கிறது, இருந்தும் அந்தப் படியில் ஒவ்வொருவராகத் தட்டினார்கள். முதலில் ஏறிய தையல்கார அம்மா தடுக்கி, கைப்பிடியைப் பிடித்து, "வயசாயிடுச்சு பாரு" என்று தானே சிரித்தாள். அடுத்து வந்தவர் தன் மனைவியிடம், "இந்தச் செருப்பு சரியில்லன்னு அன்னிக்கே சொன்னேன்" என்று முறைத்தார். மூன்றாவது ஆள் வேட்டியைக் குறை சொன்னார். ஒருவராவது குனிந்து படியைப் பார்க்கவேண்டுமே! பன்னிரண்டு பேர் ஏறினார்கள், ஏழு பேர் தடுக்கினார்கள், ஏழு பேரும் தங்களைத்தான் நொந்துகொண்டார்கள். ஒவ்வொரு தடுக்கலுக்கும் அளவு அக்கா ஓரடி முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

ஏழாவதாகத் தடுக்கியவர் ஓய்வு பெற்ற தபால்காரர். ஒல்லியான மனிதர், நடையில் இன்னும் அவசரம் போகவில்லை. கைப்பிடியைத் தொடாமல் விறுவிறுவென்று ஏறினார். மேல் படியில் கால் மாட்டி இரண்டு எட்டு தடுமாறி, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். அவள் பார்த்துவிட்டாள்.

"பாத்து வாங்க ஐயா. கைப்பிடியப் புடிச்சிக்கலாமில்ல?"

"முப்பத்தோரு வருஷம் மாடி மாடியா ஏறுன காலும்மா இது" என்றார் அவர் கொஞ்சம் கோபமாக. "கைப்பிடி எல்லாம் எனக்குப் பழக்கமில்ல."

எல்லோரையும்விட இவருக்குத்தான் ஆபத்து என்று அவளுக்குப் பட்டது. பயந்து பயந்து கால் வைக்கிறவன் தப்பித்துக்கொள்வான். இந்த மனிதருடைய கால் எந்தப் படியையும் சந்தேகப்பட்டதே இல்லை.

பத்தேகாலுக்கு முதல் ஆள் வெளியே வந்தது. தையல்கார அம்மா, இடது கண்ணில் வெள்ளைக் கட்டு, காலில் ஆஸ்பத்திரி கொடுத்த துணிச் செருப்பு. அளவு அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"முதல் படி கொஞ்சம் ஆழம்மா. மெதுவா. இன்னும் கீழ... இன்னும் கீழ... ஆங், அவ்வளவுதான்."

"நீ யாரும்மா, நர்சா?"

"கட்டடத்து ஆளு."

"நல்லாருப்பே."

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள், நாலாவது ஆள். ஒவ்வொருவர் கையும் ஒரு மாதிரி. ஒருவர் கை வியர்த்திருந்தது, ஒருவர் அவள் விரலை நசுக்கிவிட்டார். ஒவ்வொருவரையும் கீழ்ப்படி வரை கொண்டுபோய் விட்டுவிட்டு மூச்சிரைக்க மேலே ஓடி வந்தாள், தானும் அதே படியில் தட்டிக்கொண்டு. நர்ஸ் விசித்திரமாகப் பார்த்தாள்.

"எதுக்குக்கா இவ்ளோ சிரமப்படுறீங்க? கூட வந்தவங்க கூட்டிட்டுப் போவாங்க."

"புதுப் படி. வழுக்கும். அதான்" என்று மென்று விழுங்கினாள்.

பதினோரு மணிக்கு இன்ஜினியர் வந்தான். ஆஸ்பத்திரி மேனேஜரும் கூட வந்தார். கீழே நின்றுகொண்டு கை தட்டிக் கூப்பிட்டான்.

"அக்கா! மேல என்ன பண்றீங்க? சுவிட்ச் ரூம் சாவி உங்ககிட்டதான?"

"அஞ்சு நிமிஷம் சார்!"

"சார் வெயிட் பண்றாரு அக்கா. வாங்க கீழ."

சாவியைத் தூக்கிப் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். போட்டாலும் விடமாட்டான், எந்த சுவிட்ச் எதற்கு என்று கேட்பான். நர்ஸிடம் திரும்பி, "ரெண்டே நிமிஷம்மா. நான் வர்ற வரைக்கும் யாரையும் எறங்க விடாத. உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள். நர்ஸ் கையில் மருந்துச் சீசாவோடு தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பி அவள் இறங்கினாள்.

கீழே வந்து சாவிக்கொத்தில் சாவியைத் தேடினாள். இன்ஜினியர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மேனேஜர் படிக்கட்டை அண்ணாந்து பார்த்து, "படிக்கட்டு ரொம்ப எடுப்பா வந்திருக்கு" என்றார். அவளும் அண்ணாந்து பார்த்தாள்.

மேலே நர்ஸ் இல்லை. உள்ளே யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். படிக்கட்டின் விளிம்பை நோக்கித் தபால்காரர் வந்துகொண்டிருந்தார். வலது கண்ணில் கட்டு. ஒரு கையில் மருந்துப் பை, இன்னொரு கையால் சட்டைப் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கைப்பிடி ஒரு முழம் தள்ளி இருந்தது. வீட்டுக்குள் நடக்கிற மாதிரி நடந்து வந்து, பார்வையை நேரே வைத்துக்கொண்டு, காலைத் தூக்கினார்.

"நில்லுங்க!" என்று கத்தினாள். அவளுக்கே தெரியாத குரல் அது. "கால வெக்காதீங்க! அந்தப் படி தப்பு! படி தப்பு!"

தூக்கிய கால் காற்றிலேயே நின்றது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. மருந்துப் பை விழுந்தது. அவர் கை எதையோ துழாவி, ஒரு விரல் கைப்பிடியில் பட்டு, பிறகு ஐந்து விரலும் அதை இறுக்கின. காலிலிருந்து கழன்ற துணிச் செருப்பு மட்டும் படிப்படியாகக் குதித்து இறங்கி வந்து, அளவு அக்காவின் காலடியில் கிடந்தது.

வரவேற்பறையில் இருந்த அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"என்ன தப்பு?" என்றான் இன்ஜினியர்.

நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராக இருந்தது. ஈரமா இருக்கு சார், இப்பதான் துடைச்சாங்க. அவ்வளவு சொன்னால் போதும், நாலு நாள் கிடைக்கும். கழிவறைப் பக்கத்திலிருந்து கணவர் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. மேலே இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள். நாளைக்கு வேறு பன்னிரண்டு பேர். தன்னிடம் இருப்பதோ இரண்டு கை.

"மேல் படி ஒன்னேகால் அங்குலம் கூட சார்" என்றாள். "காரிடார ஏத்துனப்ப படிய யோசிக்கல. ஏத்தச் சொன்னது நான். முடிஞ்சப்புறம் திரும்ப அளக்காததும் நான்தான்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"காலைலேர்ந்து."

"காலைலேர்ந்தா?" அவன் குரல் உடைந்தது. அதட்டலை எதிர்பார்த்தவளுக்கு அந்த உடைந்த குரல் அதிகமாக வலித்தது. "காலைலேர்ந்து தெரிஞ்சு, கட்டுப் போட்ட ஆளுங்கள எறக்கிக்கிட்டு இருந்தீங்களா?"

அவள் காலடியில் கிடந்த செருப்பைக் குனிந்து எடுத்தாள். வெட்கத்தில் காது எரிந்தது.

அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போனான். தாவினவன் மேல் படியில் கால் தட்டி, முழங்கை தரையில் பட விழுந்தான். எழுந்து அளந்தான். தபால்காரரை நாற்காலியில் உட்காரவைத்தான். நர்ஸிடம் சொல்லி வழியில் பெஞ்சைப் போட்டு மறித்தான். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "டைல்ஸ்காரரக் கூப்பிடுங்க" என்றான்.

அவள் மேலே போய்த் தபால்காரர் காலில் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது கணவர் படியேறி வந்தார். அத்தனை கண்ணும் அவர் மேல். நிமிர்ந்து நிற்கிற அவரை அளவு அக்கா தன் வாழ்நாளில் மேலேயிருந்து பார்த்ததே இல்லை. பார்க்கிற உயரம் அவளுக்கு வாய்த்ததில்லை. உச்சந்தலையில் முடி கொட்டியிருப்பதை அன்றுதான் கவனித்தாள். பத்தொன்பது படியும் சாதாரணமாகத்தான் ஏறினார். இருபதாவது படிக்கு முன்னால் நின்றார். கைப்பிடியை இறுகப் பிடித்தார். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கிவைத்து ஏறினார். முகம் ஒரு நொடி வெளுத்துப்போய், பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி ஆனது.

அப்படி முகத்தை மாற்றிக்கொள்ளப் பழகியிருக்கிறார். அது ஒரு நாள் பழக்கமாக அவளுக்குத் தெரியவில்லை.

"மூணு வாரமா இந்தப் படியில ஒரு நாளைக்கு இருபது தடவ ஏறி எறங்கறீங்க" என்றான் இன்ஜினியர். "ஒரு தடவகூடவா உங்களுக்குத் தெரியல? இவ்ளோ பேரு தடுக்கறாங்க. போட்டவருக்குத் தெரியாதா?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தெரிஞ்சுது சார்."

"தெரிஞ்சுதா!"

"வலிச்சுது. மத்த படியில எல்லாம் ஒண்ணும் இல்ல. இங்க வந்தா மட்டும் முட்டில கத்தி வெச்ச மாதிரி இருக்கும். கடைசிப் படி பாருங்க, ஏறி வந்த களப்புல வலிக்குது, முட்டி மறுபடி போயிடுச்சுன்னு நெனச்சேன். வெளிய சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவீங்க. அதான் சொல்லல." மனைவி பக்கம் கையைக் காட்டினார். "இவகிட்டயும் சொல்லல. காலைல மேல வான்னு கூப்ட்டா. ஏறுனா மூஞ்சி காட்டிக் குடுத்துடும்னு போகல."

இன்ஜினியர் தன் பின்னாலேயே மேலே வந்து நின்ற மேனேஜர் பக்கம் திரும்பி, ஆட்களை மாலை வரை மேலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அப்புறம் இவர்கள் பக்கம் பார்க்காமலே சொன்னான். "இத இப்பவே ஒடச்சு சரிவு போட்டுக் குடுங்க. அதோட முடிச்சுக்கலாம். ரெண்டு பேரும்தான் அக்கா. மன்னிச்சிடுங்க, எனக்கு வேற வழி இல்ல." சொல்லிவிட்டு மேனேஜரோடு கீழே போனான். இந்தத் தடவை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போனான்.

தபால்காரர் ஒற்றைக் கண்ணால் அந்தப் படியையே முறைத்துக்கொண்டிருந்தார். "நான்கூட எனக்குத்தான் கால் தளந்துபோச்சுன்னு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

டைல்ஸ்காரர் பையிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்தார். தரையில் இடது முட்டியை ஊன்றி, விளிம்பு ஓட்டின் இடுக்கில் உளியை வைத்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டர் கைகொடுத்துப் பாராட்டிய தரை. முதல் அடியில் வெடித்தது.

அளவு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கிச் சட்டியில் போட்டாள். வேலை போனது அவளுக்கு அப்போது உறைக்கவே இல்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் மேல் பாதி, தன் மேல் பாதி. ஊரில் உள்ள கதவையும் ஜன்னலையும் அளந்தவள், ஒரே கட்டிலில் படுத்திருந்த மனிதர் மூன்று வாரமாக வலியைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. சாயங்காலம் வந்ததும் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டதைக் களைப்பு என்று நினைத்தாள். குறட்டை நின்று எத்தனை நாள் ஆயிற்று என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை.

நாலு ஓடு உடைந்த பிறகு அவர் கையை நிறுத்தினார். வலது காலை மெல்ல நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார்.

"இந்தாம்மா" என்றார் தணிந்த குரலில், வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்பதுபோல. "அப்ப முட்டிக்கு ஒண்ணும் இல்லியா? படிதானா?"

அவர் கண் கலங்கியிருந்தது. முகத்தில் சிரிப்பும் இருந்தது. வேலை போன மனிதருடைய முகமா இது என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது.

"படிதாங்க" என்றாள் அவள். "படி மட்டும்தான்."